பதினோராவது கட்டை

ஒரு பத்தில் எத்தனை ஒன்றுகள் என்ற கேள்விக்கு அக்ஷிதா பதினொன்று என்று எழுதியிருந்தாள். மெர்சி டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். மறுநாளும் பதினொன்றுதான். மறுபடி அடித்து, "ஒரு பத்து = 10 ஒன்றுகள்" என்று பத்து முறை எழுதி வரச் சொன்னார். அவள் எழுதி வந்தாள். அதற்குப் பிறகு கணக்குப் பாடத்தில் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவே இல்லை.

பெருந்துறைக்குப் பக்கத்தில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள தொடக்கப்பள்ளி அது. அந்த ஆண்டு ஓர் அறக்கட்டளை நாற்பது பள்ளிகளுக்குக் கணக்குப் பெட்டிகள் வாங்கிக் கொடுத்திருந்தது. மெர்சியின் இரண்டாம் வகுப்புக்கு ஆறு பெட்டிகள் வந்தன. உள்ளே நீல வண்ணம் பூசிய நீளமான பத்துக்கட்டைகளும் மஞ்சள் நிறச் சின்ன ஒன்றுக்கட்டைகளும் இருந்தன. ஒரு நீலக் கட்டையின் ஓரமாக மஞ்சள் கட்டைகளை அடுக்கிப் பார்த்தால், பத்து ஒன்றுகள் சேர்ந்தது ஒரு பத்து என்று பிள்ளை தன் கையாலேயே கண்டுகொள்ளும். முதல் பெட்டியை மெர்சி மனதுக்குள் ஒரு ஜெபம் சொல்லித்தான் திறந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு மணி அடித்த பிறகும் அக்ஷிதா மூலையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் கட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, உதடு மட்டும் அசைய எண்ணினாள். கலைத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். மெர்சி அருகில் போய்க் குனிந்து பார்த்தார். நீலக் கட்டையின் இரண்டு முனைகளுக்கும் சரியாக மஞ்சள் கட்டைகள் நின்றன. எண்ணினார். பதினொன்று. வேறொரு நீலக் கட்டையை எடுத்து வைத்தார். பதினொன்று. ஆறு பெட்டிகளையும் தரையில் கொட்டினார். எல்லாவற்றிலும் அப்படியே.

"ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க பத்துன்னு சொன்னீங்க டீச்சர். எனக்குத்தான் எண்ணத் தெரியலைன்னு நெனச்சேனுங்க."

மெர்சி அன்று சாப்பிடவில்லை. கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதிய பிள்ளைக்கு இரண்டு சிவப்புக் கோடுகளும் ஒரு தண்டனையும் கொடுத்திருந்தார். அதைவிடக் கொடுமை, அந்தப் பிள்ளை தன் கண்ணையே சந்தேகப்படக் கற்றுக்கொண்டுவிட்டது.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த விலாசம் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு மரப்பட்டறை. சனிக்கிழமை காலை அக்ஷிதாவின் நோட்டையும் ஒரு பத்துக்கட்டையையும் பதினொரு ஒன்றுக்கட்டைகளையும் பையில் போட்டுக்கொண்டு மெர்சி பஸ் ஏறினார். யாரையும் புண்படுத்தாத வார்த்தைகளைத் தன் நாக்குக்குக் கொடுக்கும்படி வழியெல்லாம் வேண்டிக்கொண்டார். காந்திபுரத்தில் இறங்கியபோதும் கோபம் இறங்கவில்லை.

பட்டறை முதலாளி ஈஸ்வரமூர்த்தி மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலியைத் தன் துண்டால் தட்டிப் போட்டு உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். மேசையின் மேல் கண்ணாடிப் பெட்டிக்குள், குங்குமம் வைத்து, ஒரு மாதிரிப் பெட்டி இருந்தது. அதன் நீலக் கட்டைகளில் பத்துப் பிரிவுகளும் தெரியக் கோடு வெட்டியிருந்தது. மஞ்சள் கட்டைகள் பத்து, இம்மியும் பிசகாமல் பொருந்தின. அறக்கட்டளைக்காரர்கள் பார்த்து ஒப்புக்கொண்டது இதைத்தான். பள்ளிக்கு வந்த கட்டைகளில் கோடே இல்லை.

மெர்சி தன் கட்டைகளை மேசையில் அடுக்கிக் காட்டினார். ஈஸ்வரமூர்த்தி கொஞ்சமும் கலங்கவில்லை. ஒரு பத்துக்கட்டையைப் பத்தாக அறுத்துத்தான் ஒன்றுக்கட்டைகள் செய்வது. ஒவ்வொரு அறுப்பிலும் பிளேடு இரண்டு மில்லிமீட்டரைத் தூளாக்கிவிடும். ஒன்பது அறுப்புக்கு ஒரு கட்டை அளவு தூளாகப் போகும். மாதிரிக்கு மட்டும் ஒவ்வொன்றையும் தனியாக அளந்து செய்ததாக அவரே விளக்கினார்.

"சாம்பிள் வேற, சப்ளை வேறங்க டீச்சர். இந்தத் தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். சின்னப் புள்ளைங்க வெளையாடறது. ஸ்கேல் வெச்சா அளக்கப் போறாங்க?"

"அளந்தாளுங்க. ஸ்கேல் இல்லாமயே அளந்தா." மெர்சி நோட்டைத் திறந்து வைத்தார். "அதுக்கு நான் குடுத்த தண்டனை இது. பாருங்க."

அவர் பார்த்தார். சிவப்புக் கோட்டையும், கீழே கோணல்மாணலாகப் பத்து முறை எழுதியிருந்ததையும் படித்தார். டீயைத் தள்ளி வைத்துவிட்டு, மாதிரிப் பெட்டியையே எடுத்துக்கொண்டு போகும்படியும், அந்த வகுப்புக்கு அதுவே போதும் என்றும் சொன்னார்.

"மீதி முப்பத்தொம்பது பள்ளிக்கூடத்துல எண்ணுற புள்ளைங்களுக்கு?"

ஈஸ்வரமூர்த்தி மேசையில் இருந்த மஞ்சள் கட்டைகளை எண்ணிப் பார்த்தார். வேறொன்று அவரை உறுத்தியது. கணக்குப்படி ஒரு பத்துக்கட்டைக்குப் பத்து ஒன்றுகள்தான் போயிருக்க வேண்டும். பதினோராவது எங்கிருந்து வந்தது? மாதக் கடைசியில் மஞ்சள் கட்டை போதவில்லை என்று இரண்டு தடவை கூடுதலாக அறுக்க வேண்டியிருந்ததை நினைத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் திரும்பி, கூடுதல் கட்டையை யார் போட்டது என்று கேட்டார்.

பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பழனியாத்தாள் எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். முந்தானையில் மரத்தூள்.

"நாந்தானுங்க டீச்சரம்மா போட்டேன். நீலக் கட்டையத் தட்டுல வெச்சு, பக்கத்துல மஞ்சளை ரொப்பித்தான் பெட்டில போடுவேன். பத்துப் போட்டா மொனை எட்டல. அறுக்கறவங்க ஒண்ணு கொறைச்சுப் போட்டாங்கன்னு நெனச்சு, நானே சேத்துப்போட்டனுங்க. காய்கறிக்காரி கூடக் கொசுறு போடறா. புள்ளைங்களுக்குப் போய்க் கொறையாக் குடுக்கலாமுங்களா?"

ஈஸ்வரமூர்த்தி தலையில் அடித்துக்கொண்டார். "நல்ல கொசுறு போட்டே போ ஆத்தா."

மெர்சிக்கு அந்த அம்மாளின் மேல் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் நாற்காலியில் இருந்தவர் மேல்தான். அவர் தெரிந்து குறைத்ததை, இவர் தெரியாமல் தன் இரக்கத்தால் நிரப்பியிருக்கிறார். குறை அப்படியே இருந்திருந்தால் பெட்டியைத் திறந்த அன்றே கண்ணில் பட்டிருக்கும்.

"உங்க சாமிக்கு வெச்ச குங்குமத்தைச் சாம்பிளுக்கும் வெச்சிருக்கீங்க," என்றார் மெர்சி. "புள்ளைங்களுக்கு அனுப்பினதுக்கு வெச்சிருந்தா கை கூசியிருக்குமுங்க."

ஈஸ்வரமூர்த்தி குனிந்து மேசையைப் பார்த்தார். நாற்பது பள்ளியிலிருந்தும் பெட்டிகளைத் திரும்ப வாங்குவது நடக்காத காரியம் என்று முனகினார்.

நோட்டையே பார்த்துக்கொண்டு நின்ற பழனியாத்தாளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்புக் கோடு எதற்கு என்று தெரிந்தது. "திரும்ப எதுக்குங்க மொதலாளி?" என்றார். "மஞ்சளை என்னவும் பண்ண வேண்டாம். பத்து மஞ்சள் எவ்வளவு நீளமோ, அந்த நீளத்துக்கு நீலத்தை வெட்டிப்போட்டா ஆச்சு. ஒரு கைரம்பம் போதும். நான் செஞ்ச தப்புக்கு நானே போயிட்டு வாரேன்."

ஈஸ்வரமூர்த்தி நோட்டை மூடி மெர்சியின் பக்கம் தள்ளினார். பிறகு இழுப்பறையைத் திறந்து, நாற்பது பள்ளிகளின் விலாசமும் எண்ணும் உள்ள தாளை மெர்சியிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்காமலே நீட்டினார். திங்கட்கிழமை பழனியாத்தாள் போய் வரட்டும் என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து மெர்சி ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் போன் செய்தார். ஏழு பேர் பெட்டியைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். பலருடைய பெட்டி இன்னும் பீரோவிலேயே இருந்தது. ஒருவர் மட்டும் பெருமையாகச் சொன்னார்: "எங்க பசங்க எல்லாருமே பத்துன்னுதானுங்க எழுதறாங்க. ஒரு கம்ப்ளெயின்ட் இல்லை."

அந்த வார்த்தையைக் கேட்டபோது வந்த கோபம் பட்டறையில்கூட வரவில்லை. அத்தனை பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைகூட எண்ணிப் பார்க்கவில்லை; அல்லது எண்ணிப் பார்த்துவிட்டுப் பயந்து பத்து என்று எழுதியிருக்கிறது. அவரிடம் மறுநாளும் பேசுவது என்று, மெர்சி அந்த எண்ணைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தார்.

திங்கட்கிழமை முதல் மணி அடித்ததும் மெர்சி அக்ஷிதாவின் நோட்டை வகுப்புக்கு முன்னால் பிரித்துக் காட்டினார். அக்ஷிதா எண்ணியது சரி, கட்டைதான் தப்பு, எண்ணிப் பார்க்காமல் அடித்தது டீச்சருடைய தப்பு என்று சொன்னார். சிவப்புக் கோட்டின் பக்கத்தில் ஒரு சரி போட்டு, தன் கையெழுத்தையும் வைத்தார். அக்ஷிதா சிரிக்கவில்லை. எல்லாரும் தன்னைப் பார்ப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பத்து மணிக்குப் பழனியாத்தாள் மஞ்சப்பையில் கைரம்பத்தோடு வந்து சேர்ந்தார். வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சைப் போட்டு முதல் நீலக் கட்டையை அறுத்தார். முனையை உப்புத்தாளால் தேய்த்து அக்ஷிதாவிடம் கொடுத்தார்.

அக்ஷிதா மஞ்சள் கட்டைகளை அடுக்கினாள். பத்தாவது கட்டையோடு நீலம் முடிந்தது. அவள் உடனே நம்பிவிடவில்லை. மறுமுனையிலிருந்து இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு, கையில் மிஞ்சியிருந்த ஒற்றைக் கட்டையைப் பழனியாத்தாளிடம் நீட்டினாள்.

"பத்துங்க டீச்சர்," என்றாள், சத்தமாக.