ஓங்கில் நின்ற இடம்

இரண்டாவது வாளித் தண்ணீரை ஊற்றும்போதுதான் காதுக்குப் பின்னாலிருந்து உமி வந்தது. ஸைனுலாப்தீன் லெவ்வை, குளிப்பாட்டப் பலகையில் கிடத்தியிருந்த மையித்தின் தலையை இடக்கையில் தாங்கி, வலக்கை விரலால் காது மடலைத் துடைத்துவிட்டார். மறுபடியும் உமி வந்தது. பலகையின் ஓரமாக வழிந்து, மணலில் வெட்டியிருந்த குழிக்குள் விழுந்து மெல்லச் சுற்றியது.

“ரெண்டு வருசமா மில்லுக்குள்ள கிடந்த உடம்பு. ஊத்துங்க மாஸ்டர்,” என்றார் லெவ்வை.

மசூர் ஊற்றினான். மாமனார் கச்சிமுகம்மதுவின் உள்ளங்கைகளில் தூண்டில் கயிறு அறுத்த பழைய தழும்புகள் வெள்ளைக் கோடுகளாகக் கிடந்தன. தண்ணீர் பட்டதும் அவை இன்னும் துலக்கமாகத் தெரிந்தன. சாய்ந்தமருதுக் கரையில் அவருக்கு நிகராகச் சூரை மீன் பிடித்தவர் இல்லை என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். இன்று காலை சம்மாந்துறையில் ஒரு நெல் மில்லில், மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தவர் மூட்டையிலேயே சாய்ந்துவிட்டார். தூங்குகிறார் என்று நினைத்து யாரும் எழுப்பவில்லை. மில்காரர்கள்தான் டிரக்டர் பெட்டியில் படங்கு விரித்துக் கொண்டுவந்து இறக்கினார்கள்.

லெவ்வை குரலைத் தாழ்த்தினார். கடற்கரை ஆட்கள் பள்ளிவாசலுக்கு வந்து வெளியே நிற்கிறார்கள் என்றார். தொழுகைக்கு உள்ளே வருவார்களோ தெரியாது.

“ஆம்புளப் புள்ள இல்லாத மையித்து. தொழுவைக்கு முந்தி நீங்கதான் எழும்பி நிண்டு பொறுக்கச் சொல்லிக் கேக்கணும். ஆக்களுக்குச் செஞ்சத ஆக்கள்தான் பொறுக்கணும், மாஸ்டர். அல்லாஹ் அதப் பொறுக்கமாட்டான்.”

“ஓம்,” என்றான் மசூர்.

அவன் மருதமுனையில் தறிக்காரர் குடும்பத்தில் பிறந்தவன். விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். நதீராவைக் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தபோது, கச்சிமுகம்மது கல்வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு வளவின் பின்னால் சமையலுக்கு இருந்த ஓலைக் குசினிக்குக் குடிபோய்விட்டார். நதீராவின் உம்மா அதற்கு முன்பே மௌத்தாகியிருந்தா. வயல்கார மாமன்மார் மருமகனைக் கூட்டிப்போய் வரம்பு காட்டுவார்கள். கச்சிமுகம்மதுவுக்கு வயல் இல்லை. அவர் அவனைப் போட்டில் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்பே கடலுக்குப் போனார். பள்ளி மினாரா சிறுத்து, பின்னால் மலை எழுந்து, இரண்டும் ஒரே கோட்டில் வந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். தண்ணீர் அங்கே நீலம் தடித்துக் கறுப்பாக இருந்தது. சற்று நேரத்தில் ஓங்கில்கள் வந்தன, மசூரின் புத்தகங்கள் டொல்பின் என்று சொல்பவை. முதுகு வளைத்து எழுந்து, மூச்சை ஊதிவிட்டு, மறுபடி இறங்கின. குட்டிகள் தாயின் விலாவோடு ஒட்டி நீந்தின. தூரத்தில் ஒரு திமிங்கிலத்தின் மூச்சு புகைபோல எழுந்து கலைந்தது. மசூர் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க, கச்சிமுகம்மது ஓங்கில்களுக்குக் கீழே தூண்டிலை இறக்கினார். சூரை ஒவ்வொன்றும் சிறு பிள்ளையின் பாரம் இருந்தது.

“இது நம்மட கரைக்காரருக்கு மட்டும் தெரிஞ்ச இடம், மருமகன்,” என்றார்.

எண்பத்தொன்றில், மாரி முடிந்து கடல் அடங்கிய நாட்களில், மூன்று வெள்ளைக்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். தீவைச் சுற்றி எந்தக் கடலில் திமிங்கிலமும் ஓங்கிலும் கடற்பசுவும் உலாவுகின்றன என்று கரைகரையாகக் கேட்டுத் தேசப்படத்தில் புள்ளி வைப்பது அவர்களுடைய வேலை. மொழிபெயர்க்க மசூரைப் பிடித்தார்கள். மன்னார்ப் பக்கம் கடற்பசுவுக்குச் சிவப்புப் புள்ளிகள். திருகோணமலைக்கு வெளியே திமிங்கிலத்துக்கு நீலப் புள்ளிகள். கல்முனைக்கு நேரே படத்தில் கடல் வெறுமையாக இருந்தது. கடற்கரை ஓலை வாடியில் குந்தியிருந்த மீன்காரர்களிடம் கேட்டபோது, அது எல்லா இடமும் வரும், எல்லா நேரமும் வரும் என்றார்கள். ஒருவர் பல் குத்திக்கொண்டே, அதுக்கு வீடு வாசல் இரிக்கா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மூவரில் ஒருத்தியான வெள்ளைக்காரப் பெண் பென்சிலைக் கீழே வைக்காமல் மரியாதையாகக் காத்திருந்தாள். மசூருக்கு முகம் சுட்டது. தன் ஊர் மனிதர்கள் ஒன்றும் தெரியாதவர்களாக அவள் முன்னால் இருக்கிறார்களே என்று வெட்கப்பட்டான். அன்று மாலை அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குத் தனியாகப் போய், படத்தில் ஓர் இடத்தில் விரலை வைத்தான். அவள் எழுந்து நின்று கைகொடுத்தாள். போகும்போது ஒரு தூரக்கண்ணாடியைப் பரிசாகத் தந்தாள்.

ஓங்கில் நிற்கிற இடத்தில் அடியில் சூரை நிற்கும் என்பது அவளுக்குத் தெரியாது. போட் வைத்திருக்கிற எவனுக்கும் தெரியும். மசூருக்கும் தெரியும்.

அடுத்த பருவத்துக்கு முன்பே கல்முனையில் ஒரு கூட்டத்தில் அந்தப் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். பருவம் தொடங்கியதும் வெளியூர்ப் போட்டுகள் பெரிய வலைகளோடு நேரே அங்கே போய் நின்றன. வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்த ஓங்கில்கள் கரையில் ஒதுங்கின. நாற்றத்தில் பிள்ளைகள் பள்ளிக்கூட யன்னல்களைச் சாத்தினார்கள். பிறகு ஓங்கிலும் இல்லை, சூரையும் இல்லை.

கரை ஆட்கள் வாடியில் கூடினார்கள். மசூரைத் தேடி வெள்ளைக்காரர் வந்துபோனது கச்சிமுகம்மதுவின் வளவுக்கு. மீராமுகைதீன்தான் கேட்டார். சிறு வயதிலிருந்தே கச்சிமுகம்மதுவோடு ஒரே போட்டில் போனவர்.

“கச்சி, நீயா காட்டிக் குடுத்த?”

மசூர் செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் நின்றிருந்தான். கச்சிமுகம்மது அவன் பக்கம் திரும்பவேயில்லை.

“ஓம். நான்தான்.”

அதன் பிறகு அவருடைய போட்டைத் தள்ள ஒருவரும் கைகொடுக்கவில்லை. கறிக்கு மீன் வருவது நின்றது. அவர் போட்டை விற்றுவிட்டு, சைக்கிளில் சம்மாந்துறைக்குப் போகத் தொடங்கினார். கச்சி இனி வயலுக்குள்ள ஓங்கில் காட்டட்டும் என்று கடைத்தெருவில் யாரோ சொன்னது வீடுவரை வந்தது. மாமனும் மருமகனும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. தூரக்கண்ணாடி கல்வீட்டு மண்டபத்தில் ஆணியில் தொங்கியது. நோன்புப் பிறை பார்க்க அயலவர்கள் அதைக் கேட்டு வருவார்கள். கச்சிமுகம்மது மட்டும் வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

கபன் துணி சுற்றி மையித்தை மண்டபத்தில் வைத்தபோது பெண்கள் ஒவ்வொருவராக வந்து முகம் பார்த்தார்கள். கடைசியாக நதீரா வந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். வாப்பாவின் நெற்றியைத் தொட்டுவிட்டு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“பள்ளியில நீங்கதான் கேக்கிறீங்களா?”

“ஓம்.”

“என்னெண்டு கேப்பீங்க?”

“எல்லாரும் கேக்கிற மாதிரித்தான்,” என்றான் மசூர்.

அவள் அவனை ஒருமுறை பார்த்தாள். துணியை இழுத்து வாப்பாவின் முகத்தை மூடினாள்.

பள்ளியில் அஸர் தொழுகை முடிந்து, மையித்தைக் கிடத்திய சந்தூக்கை முன்னால் வைத்தார்கள். கடற்கரை ஆட்கள் உள்ளே வந்து பின்வரிசையில் நின்றார்கள். மசூர் எழுந்து திரும்பினான். வரிசைகளில் அவனிடம் படித்தவர்களும் இருந்தார்கள். கொடுக்கல் வாங்கல் இருந்தால் தன்னிடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டான். அந்த வார்த்தைகள் தடங்கல் இல்லாமல் வந்தன.

“என்ட மாமா தெரிஞ்சோ தெரியாமலோ ஆருக்கும் ஏதும் அநியாயம் செஞ்சிருந்தா…”

அதற்கு மேல் சொல்லவேண்டிய வாக்கியம் வரவில்லை. சிறிய வாக்கியம்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். மருமகனுக்கு மாமன்மேல் இத்தனை பிரியம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் இன்னும் வாயைத் திறந்தபடி நின்றான்.

பின்வரிசையிலிருந்து மீராமுகைதீனின் குரல் வந்தது.

“பொறுத்தம், தம்பி. அல்லாஹ்வுக்காகப் பொறுத்தம்.”

பொறுத்தம், பொறுத்தம் என்று வரிசை வரிசையாக அது முன்னால் வந்தது. இமாம் கையை உயர்த்தித் தக்பீர் கட்டினார்.

பள்ளியிலிருந்து மையவாடிவரை சந்தூக்கைக் கடற்கரை ஆட்கள் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. போட் தள்ளும்போது வைக்கிற அதே காலடியில், தோள் மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். மசூர் இரண்டு முறை தோள்கொடுக்கப் போய், இரண்டு முறையும் ஒதுங்கிக்கொண்டான்.

மண் போட்டு, துஆ ஓதி, ஆட்கள் கலைந்தபோது மீராமுகைதீன் வந்து அவனுடைய வலக்கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்தார். கபுறு மண் இன்னும் கையில் ஈரமாக இருந்தது. பின்னால் நாலைந்து பேர் தலைகுனிந்து நின்றார்கள்.

“கச்சியோட நாங்க ரெண்டு வருசம் கதைக்கல்ல, மாப்புள. சலாம் சொன்னா பதில் குடுக்கல்ல. வயசு போன மனிசன வயல் வெளிக்கு அனுப்பிட்டம். இனி அவருக்கிட்டக் கேக்க ஏலா.” பிடியை இறுக்கினார். “அவருக்காக நீங்க பொறுத்துக் குடுங்க.”

மசூர் கையை இழுக்கப் பார்த்தான். பிடி விடவில்லை. கரைவலைக் கயிறு பிடித்த கைகள். பின்னால் நின்றவர்கள் நிமிர்ந்து அவன் வாயைப் பார்த்தார்கள்.

“பொறுத்தன்,” என்றான்.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் மீராமுகைதீன். ஒவ்வொருவராக வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவன் வீடு திரும்பியபோது வளவில் பலகையைக் கழுவிச் சாத்திவைத்திருந்தார்கள். குழியை யாரோ மூடி, மேலே மணல் பரப்பியிருந்தார்கள். குசினி வாசலில் மூடிய சட்டிகள் இருந்தன. மீராமுகைதீன் வீட்டிலிருந்து சோறும் சூரை ஆணமும் வந்திருக்கின்றன என்று நதீரா சொன்னாள். பாயை விரித்தாள். கைகழுவத் தண்ணீர் வைத்தாள்.

“கடக்கரை ஆக்கள் பொறுத்தாங்களா?”

“பொறுத்தாங்க.”

அவள் சட்டியைத் திறந்து, மாப்பிள்ளைக்கு என்று எப்போதும் எடுத்துவைக்கிற நடுத்துண்டை அவனுடைய பீங்கானில் வைத்தாள். பிறகு போகாமல், அகப்பையைக் கையில் பிடித்தபடியே எதிரில் உட்கார்ந்தாள்.

மசூர் மீனைப் பிட்டான். முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். மறுபடியும் பிட்டு, மறுபடியும் தடவினான். சூரையின் சதையில் எடுப்பதற்கு முள் அதிகம் இருப்பதில்லை. ஆணம் சோற்றில் ஊறி ஆறிக்கொண்டிருந்தது. அவன் முள்ளைத் தேடிக்கொண்டேயிருந்தான்.