சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

மாடியில் கணினி வேலை பார்ப்பவள் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். அக்கா போனில் சொன்னது ஒரே வரிதான்: "வட்டம் சுத்திக்கிட்டே இருக்குடி, பத்தொன்பது நிமிஷம் ஆச்சு."

மருந்துக் கிடங்கின் நான்காம் வாசலில் பதினான்கு பெட்டிகள். கைக்குழந்தைகளுக்கான தடுப்பூசி. குளிர் அறையை விட்டு வெளியே வந்தால் முப்பது நிமிடத்துக்குள் வண்டியின் குளிர்ப்பெட்டிக்குள் ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் குப்பை. அங்கே பெட்டி ஏற்றிவிடும் அக்கா ஒப்பந்த வேலைக்காரி. ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவள். இன்னொன்று வந்தால் மறுநாள் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

ஸ்கேனரில் பெட்டி பெட்டியாகப் படித்து 'அனுப்பு' அழுத்தினால் திரையில் வட்டம் சுற்றும். வேலை முடிந்ததும் திரை பச்சையாகும். பச்சையைப் பார்க்காமல் ஓட்டுநர் வண்டியைத் திறக்க மாட்டார். குளிர் அறைக் கதவும் அந்த ஸ்கேனர் சொன்னால்தான் திறக்கும்; பெட்டிகளைத் திரும்ப உள்ளே வைக்கவும் வழியில்லை. போன மாதம் பொறுமையில்லாமல் ஆளாளுக்கு இரண்டு தடவை அழுத்தி, ஒரே பெட்டி இரண்டாகப் பதிவாகி, ஊரே ரெண்டுபட்டது. அதனால்தான் ஸ்கேனரை ஓட்டும் நிரலை, அந்த ஸ்கிரிப்டை, இவள் மாற்றி எழுதினாள். முதல் வரியில் வட்டத்தைச் சுற்றவிட்டுத் திரையைப் பூட்டு, கடைசி வரியில் வட்டத்தை நிறுத்திப் பூட்டைத் திற. இன்று காலைதான் எல்லா ஸ்கேனரிலும் ஏற்றினாள். வட்டம் சுற்றினால் கையை வைக்கவே கூடாது என்று வாசல் வாசலாகப் போய்ப் பாடம் வேறு நடத்தினாள்.

அக்காவும் கை வைக்கவில்லை.

"உன்ன மாதிரியேதான்டி இருக்கு. ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியல." அக்கா சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை.

வண்டியில் சாய்ந்திருந்த ஓட்டுநர், இருபத்தொன்று ஆகிவிட்டது என்றார்.

அணைத்துவிடலாம். ஆனால் உண்மையிலேயே அனுப்பிக்கொண்டிருந்தால்? பாதியில் அணைத்தால் பட்டியலே போய்விடும். பதிவில்லாத மருந்தை எந்த ஆஸ்பத்திரியும் தொடாது. வேலை நடக்கிறதா, செத்துக் கிடக்கிறதா? இரண்டுக்கும் வட்டம் ஒரே மாதிரிதான் சுற்றியது. அந்தச் சனியனைச் சுற்றவிட்டவளுக்கே தெரியவில்லை.

மாடியில் பக்கத்து இருக்கைக்காரனைப் போனில் பிடித்தாள். ஆமை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நான்காம் வாசல் பட்டியல் சர்வருக்கு வந்ததா என்று பார்க்கச் சொன்னாள். பெயருக்குப் பங்கமில்லாமல் தேடினான். இருபத்துமூன்று. இருபத்துநான்கு.

"பதினாலும் வந்தாச்சே. அனுப்புன முதல் நிமிஷமே."

இவளுக்கு இப்போது புரிந்தது. பட்டியல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. சேர்ந்தது என்று சர்வர் அனுப்பிய பதில்தான் வழியில் தொலைந்திருக்கிறது. பதில் வராததும் ஸ்கிரிப்ட் நடுவிலேயே கழன்றுகொண்டது. வட்டத்தை நிறுத்தும் வரியோ கடைசியில் தேமே என்று உட்கார்ந்திருந்தது. கழன்றுகொள்ளும் வழியிலும் அந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் போதும். போடவில்லை.

ஸ்கேனரை அணைத்து மறுபடி போட்டாள். அது விழித்து, சர்வரைக் கேட்டு, பச்சை காட்டும்போது இருபத்தெட்டு.

மூவரும் பெட்டிகளை வாரி உள்ளே தள்ளினார்கள். பதினொன்று ஏறியதும் ஓட்டுநர் கையை விரித்தார். முப்பது. ஒரு நிமிடம்தானே அண்ணே என்று இவள் கெஞ்சினாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அக்காவே மீதி மூன்றையும் ஓரமாக இழுத்துப் போட்டாள்.

"கொழந்தைக்குப் போடற மருந்துடி."

கழிவுப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'ஊழியர் தாமதம்' என்றுதான் எல்லாரும் எழுதுவது வழக்கம். அக்கா அதற்குத்தான் குனிந்தாள். இவள் பேனாவைப் பிடுங்கி, 'ஸ்கிரிப்ட் தவறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அக்கா வேலை தப்புமா, தன் வேலையும் சேர்ந்து போகுமா, யார் கண்டது.

அக்கா அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இதேதான் எல்லா ஸ்கேனர்லயும் இருக்கா?"

இவள் நிமிர்ந்தாள். ஐந்தாம் வாசலில் ஒருவர், ஏழாவதில் ஒருவர், ஒன்பதாவதில் இரண்டு பேர். காலடியில் பெட்டிகள். எல்லார் முகமும் கையிலிருந்த திரையில் கவிழ்ந்திருந்தது.

அணைங்க என்று கத்த வாயெடுத்தாள். அதையும் கத்த முடியாது. யாருடைய பட்டியல் போய்ச் சேர்ந்தது, யாருடையது சேரவில்லை?

ஐந்தாம் வாசலை நோக்கி ஓடியபடியே மறுபடி ஆமைக்குப் போனை அழுத்தினாள். மாடியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.