வழிக்காத்தம்மா குளித்த நாள்

எங்கள் குடியிருப்பிலிருந்து கோரிமேட்டுக்கு முந்திரித் தோப்பு வழியாக ஒரு பாதை போகிறது. கால் மணி நடை. பஞ்சாலை ஓடிய காலத்தில் கோரிமேட்டு ஆட்கள் இதில்தான் ஷிப்டுக்கு வந்தார்கள். இப்போது பக்கத்து மேட்டுப்பாளையம் கம்பெனி வேலைக்குப் போகிற பொம்பளைகளும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகளும் நடக்கிறார்கள்.

இரண்டாயிரத்தாறில் அந்தத் தோப்பை ஒரு கம்பெனி வாங்கிற்று. ஆறு மாடியில் கடைகள், அடியில் கார் நிறுத்த இடம் என்று பலகை வைத்தார்கள். பாதையில் முள்கம்பி விழுந்தது. குடியிருப்பே மனு எழுதியது. நான் கைநாட்டு வைக்கவில்லை. குப்பைக் கூடைக்கு எதற்குக் கடிதம் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் மனுவுக்கு ஆள் வந்துவிட்டது. தமிழ்மாறன் என்று ஒரு சர்வேயர், கையில் பிரெஞ்சுக்காரன் காலத்து வரைபடம். அதில் பாதை இருக்கிறது, வழி நெடுக நம்பர் போட்ட கல்லும் இருக்கிறது, ஆனால் தரையில் ஒரு கல்கூட இல்லையே என்றான். பாதை அந்தக் காலத்தில் மேற்கே சாக்கடை ஓரமாகப் போனது என்று கம்பெனி மேனேஜர் சாதித்தான். நம்பர் போட்ட ஒரே ஒரு கல் கிடைத்தால் போதும், அதிலிருந்து அளந்துவிடலாம், கிடைக்காவிட்டால் பாதையின் இடம் தெரியவில்லை என்றுதான் எழுதமுடியும் என்றான் சர்வேயர்.

கூட்டம் நின்றது பாதையோரத்து அம்மன் கல்லான வழிக்காத்தம்மா முன்னால். இடுப்பளவு உயரம், மஞ்சளும் குங்குமமும் விளக்குக் கரியும் ஏறித் தார் உருண்டை மாதிரி இருப்பாள். அவளை அம்மன் ஆக்கியதே என் வீட்டுக்காரி அஞ்சலாட்சிதான். மகள் ஆதிலட்சுமிக்குக் குழந்தையில் கடுங்காய்ச்சல் கண்டபோது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் இந்தக் கல்லடியில்தான் மூச்சு வாங்க உட்கார்ந்தாள். பிள்ளை பிழைத்தது. மறுவாரம் மஞ்சள் பூசினாள். பிறகு பாதையில் போகிற பொம்பளைகள் எல்லாம் பூசினார்கள். வெறும் கல்லுக்கு எண்ணெயை வீணாக்குகிறாய் என்று நாற்பது வருஷம் அவளைத் திட்டியிருக்கிறேன்.

மேனேஜர் விவரமானவன்.

"அம்மனை நாங்க உட்ருவமா? ரோட்டோரமா டைல்ஸ் போட்டுக் கோயிலே கட்டித் தர்றோம். பூசை போட்டுப் பேத்து வெச்சிக்கலாம்."

பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் தலையை ஆட்டினாள். இன்னும் நாலு தலை ஆடியது. டைல்ஸ் கோயில் என்றால் யாருக்குக் கசக்கும்? அஞ்சலாட்சி மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேர்த்துவிட்டால் போச்சு. அது என்ன கல் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் ஊர் காறித் துப்பும். சொன்னேன்.

"அது அம்மன் இல்ல சார். பிரெஞ்சுக்காரன் நட்ட கல்லு. எங்க ஊட்ல துணி தொவைக்கிற கல்லு இதுக்குக் கூடப் பொறந்தது. நான்தான் கடப்பாரையால நெம்பி எடுத்தாந்தேன். எழுத்து துணியக் கிழிக்குதுன்னு உளி வெச்சுச் செதுக்கிட்டேன்."

மற்ற கல்லெல்லாம் யார் யார் வீட்டு வாசல்படியில் கிடக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. நாலைந்து பேர் தரையைப் பார்த்தார்கள்.

அஞ்சலாட்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாப்பது வருசம் அதும்மேலயா தொவைச்சேன்? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"சொல்லியிருந்தா நீ பூசியிருப்பியா?"

"அப்பவும் பூசியிருப்பேன்யா."

மேலே இருப்பதைச் சுரண்டினால் நம்பர் தெரியும் என்றான் சர்வேயர். ஆனால் கை வைக்க அவனுக்கே பயம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள் கொத்துக்கரண்டியை நீட்டினான். அதைத் தட்டிவிட்டாள் அஞ்சலாட்சி.

"இரும்பு படக்கூடாது. தலைக்கு ஊத்தி உடுவோம். அவளும் குளிச்சு எத்தினி வருசமாச்சு."

அப்புறம் நடந்ததை நான் என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். அரை மணியில் இருபது வீட்டிலிருந்து வெந்நீர் வந்தது. பானையில், குக்கரில், பிளாஸ்டிக் வாளியில். சீயக்காய், தேங்காய் நார். பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டுவது போலக் காதோரம், கழுத்தோரம் என்று பார்த்துப் பார்த்துத் தேய்த்தார்கள். மஞ்சள் தண்ணீர் பாதையோடு ஓடியது. ஆறாவது வாளி ஊற்றும்போது முகத்திலிருந்த மேலோடு ஒரே பட்டையாகக் கழன்று அஞ்சலாட்சியின் இரண்டு கையிலும் விழுந்தது. விரல் தடிமன். உள்பக்கம் அச்சில் வார்த்த மாதிரி எழுத்துகள், இடம் வலம் மாறி.

கல்லில் ஒன்பது. அதன் கீழே மூன்று பிரெஞ்சு எழுத்து. உளி பட்ட கோடு அப்படியே இருந்தது, கல்தச்சன் இப்போதுதான் எழுந்து போனவன் போல. பொம்பளைகள் பூசிய பயத்தில்தான் ஒருத்தனும் இதைத் தொடவில்லை. நான் வீண் என்ற எண்ணெய் எழுத்தை மூடிக் காத்திருந்தது.

சர்வேயர் கல்லுக்குக் கையைக் கொண்டுபோனவன், திரும்பிப் போய் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தான். மேனேஜர் செல்போனை எடுத்துக்கொண்டு காருக்குப் போனான்.

வரைபடத்தைப் பார்த்து ஒன்பதிலிருந்து டேப் பிடித்தார்கள். பத்தாவது கல்லுக்கு அறுபத்திரண்டு மீட்டர். டேப் முள்கம்பிக்குள் புகுந்து போய் ஒரு கவட்டை முந்திரி மரத்தடியில் நின்றது. அந்த மரத்தை எனக்குத் தெரியும். இங்கே தோண்டு என்றேன். இரண்டு சாண் ஆழத்தில் சுண்ணாம்புக் காரை போட்ட சதுரக் குழி இருந்தது, நான் பிடுங்கிய பல்லின் ஈறு மாதிரி. எந்தக் காகிதத்தையும் நான் நம்பினவன் இல்லை. எவனோ ஒரு வெள்ளைக்காரன் போட்ட கோடு, நான் திருடிய இடத்தில் விரல் வைத்துக் காட்டுகிறது.

பாதை இங்கேதான் என்று சர்வேயர் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டான். மறுநாள் நாலு பேர் வைத்துத் துவைக்கிற கல்லைத் தூக்கிப்போய்க் குழியில் இறக்கினேன். இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் முள்கம்பி பத்தடி உள்ளே போயிற்று.

அஞ்சலாட்சி ஒன்பதுக்கு மறுபடியும் மஞ்சள் பூச உட்கார்ந்தாள். நம்பர் தெரியும்படி விடேன் என்று குஞ்சம்மாள் சொன்னதற்கு, தெரிந்தால் எவனாவது செதுக்குவான் என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு, எண்ணெய் தீர்ந்துவிட்டது, போய் வாங்கி வா என்றாள்.

போனேன். பாதை வழியாகத்தான் போனேன்.