கேட்காமல் செய்த சத்தியம்

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. தோல் பதனிடுற ஷாப்பு பக்கமிருந்து வாடை வரும், பழகிடும். ஒரு சத்தியத்தோட கதை சொல்றேன்.

மேல்விஷாரத்துல கலீமுல்லா ஹஜ்ரத்னு ஒருத்தர். மதரசாவுல அரபி அணியிலக்கணம் நடத்துவார். காலேஜ் இங்கிலீஷ் வாத்தியார் சத்தியநாதன் அவருக்கு தோஸ்த். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதுல, மனுஷங்க எப்போ சத்தியம் பண்ணிப் பேசுறாங்கன்னு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிட்டிருந்தாங்க.

"நம்பாதவன்கிட்டதான் சத்தியம் பண்ணணும். நம்புறவனுக்குச் சும்மா சொன்னா போதும். எங்க அரபி ஆளுங்க இதை எப்பவோ எழுதிட்டாங்க சார்" என்றார் ஹஜ்ரத்.

"இங்கிலீஷ்காரங்க இப்பத்தான் சொல்றாங்க. தேவைக்கு ஜாஸ்தியா ஒருத்தன் பேசினா, சொல்லாத சேதி உள்ள இருக்குதாம்" என்றார் சத்தியநாதன்.

"லேட்டா வந்தா இன்னா, உட்காரச் சொல்லுங்க."

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. ஹஜ்ரத் மகள் ஷஹீன் பானுவுக்குக் கடைசி ஜும்மாகி. கல்யாணமான புதுசுல வெள்ளிக்கிழமைதோறும் பொண்ணு வீட்டுல மாப்பிள்ளைக்கு விருந்து வைப்பாங்களே, அது. ஆம்பூர்ல அவள் புருஷன் கை ஓங்குறவன். அப்பாவுக்கு அது தெரியாது. இன்னிக்குத் திரும்பிப் போகாம இங்கேயே இருந்துடணும்னு பொண்ணு தவிச்சிட்டிருந்தாள். பக்கத்து ரூம்லயே அவன் உட்கார்ந்திருந்தான். எப்படி வாய் திறப்பாள்?

டீ கொண்டாந்து வெச்சாள். யாரும் ஒண்ணும் கேட்கல. "அல்லா சத்தியமாப்பா, அங்க எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று சிரிச்சிட்டு, ஹஜ்ரத் காகிதத்துக்குத் திரும்பிட்டார். அவள் கொஞ்ச நேரம் நின்னாள். அப்புறம் புர்காவை எடுத்துப் போட்டுக்கிட்டாள்.

ரெண்டு மாசம் கழிச்சு வகுப்புல அதே பாடம். "சந்தேகமே படாதவன்கிட்ட ஒருத்தர் சத்தியம் பண்ணினா..." என்று ஆரம்பிச்சவருக்கு, யாரும் கேட்காம மகள் பண்ணின சத்தியம் ஞாபகம் வந்துட்டுது. கிதாபை மூடிட்டு ஆம்பூர் பஸ் ஏறினார்.

அங்க ஷஹீன் பக்கத்துலயே அவள் மாமியார் உட்கார்ந்திருந்தாள். "வீட்டுக்கு வர்றியாம்மா?" என்று எல்லார் எதிர்லயும் கேட்டார்.

"எதுக்குப்பா? நல்லா இருக்கேன். டீ ஆறுது, குடிங்க."

இப்பத்தான் நம்பாத ஆள் எதிர்ல உட்கார்ந்திருக்கார். இப்பத்தான் சத்தியம் வேணும். அவள் பண்ணல. அவர் நம்பினாலும் நம்பாட்டியும் அவளுக்கு ஒண்ணுதான்னு ஆய்ட்டுது.

அவர் டீயைக் குடிச்சார். அந்தக் கட்டுரையை அப்புறம் அவர் தொடவே இல்ல. சத்தியநாதனும் கேட்கல.

உங்க வீட்டுல எந்தப் பொண்ணும், யாரும் கேட்காமலே சத்தியம் பண்ற நாள் வரக் கூடாது, கண்ணுங்களா. வந்தா, கையில இருக்கறதைக் கீழ வெச்சுட்டு அவள் முகத்தைப் பார்க்கிற ஒருத்தர் அந்த வீட்டுல இருக்கட்டும். உங்க அடுப்பும் விளக்கும் அணையாம இருக்கட்டும்.