ஏழாவது சாவி

ஷெத்லி அன்று மூன்று பேரை அடித்தான். முதல் ஆளை அடித்தபோது காலை பத்தே முக்கால். மூன்றாவது ஆளை அடித்தபோது பன்னிரண்டுக்கு இன்னும் நாலு நிமிடம். இருபத்திரண்டு வருடமாக விமானத்தில் "வாங்க, உட்காருங்க" என்று சிரித்தே பிழைத்த மனுஷன். தனக்குள் இப்படி ஒரு மிருகம் இருப்பது அன்றுவரை அவனுக்கே தெரியாது.

ஹஜ் முடிந்து உலகமே ஊர் திரும்பும் வாரம் அது. ஜெத்தாவில் காலை நீட்ட இடமில்லை. அவர்களுடைய கம்பெனி அந்த ஹோட்டலில் ஏழு அறை பேசி வைத்திருந்தது: விமானிகள் இரண்டு பேர், பயணிகளைக் கவனிக்கும் ஆட்கள் ஐந்து பேர். வந்து நின்றால், வரவேற்பு மேஜையில் இருந்த ஃபவ்வாஸ் ஆறு சாவியை எண்ணி வைத்துவிட்டு, "ஏழாவது ரூம் காலியாகல சார், கொஞ்சம் உட்காருங்க" என்றான். எந்த மகராசனுக்குத் தூக்கிக் கொடுத்தானோ, பாவி!

முதல் சாவி எப்போதும் கேப்டனுக்கு. கேப்டன் மொக்தார் அதை வாங்கினார், "என்னை எவனும் எழுப்பாதீங்க" என்றார், போனை அணைத்துவிட்டு லிஃப்டில் ஏறிப் போனார். அடுத்தது துணை விமானிக்கு. மற்ற நாலு சாவியையும் ஷெத்லி தன் ஆட்களுக்குக் கொடுத்தான். அவன்தான் அவர்களுக்குத் தலைவன். தலைவன் தன் ஆட்களைப் படுக்க அனுப்பிவிட்டுத்தான் படுப்பான், அதுதான் அவர்கள் தொழிலில் மரியாதை. சாவி வாங்கிய பிறகும் ரௌதா மட்டும் போகவில்லை. பத்து வருடமாக அவனோடு பறப்பவள். "நீங்க ரூமுக்குப் போறவரைக்கும் நான் நகர மாட்டேன்" என்று பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் பத்து மணி நேர ஓய்வு வேண்டும். அதுவும் தனி அறையில், தனிக் கட்டிலில். கடைசி ஆளின் கைக்குச் சாவி வந்த நிமிடத்திலிருந்துதான் கணக்கு ஓடும். பன்னிரண்டு மணிக்குள் ஏழாவது சாவி வந்துவிட்டால் நள்ளிரவில் விமானம் கிளம்பும். விடிவதற்குள் அவர்கள் நாட்டுத் தலைநகர் தூனிஸ். அங்கிருந்து காரில் மூன்று மணி நேரம் போனால் ஷெத்லியின் ஊர், ஸ்ஃபாக்ஸ். பன்னிரண்டைத் தாண்டினால் ஓடுபாதையில் இவர்களுக்குக் கொடுத்த நேரம் வேறொருவனுக்குப் போய்விடும். பிறகு மறுநாள் சாயங்காலம்தான்.

ஸ்ஃபாக்ஸில் ஷெத்லியின் அப்பா இறந்து கிடந்தார்.

விமானம் இறங்கியதும் போனைத் திறந்தபோதுதான் தம்பி ஹப்பீப் அழுதுகொண்டே சொன்னான். "நாளைக்கு மதியம் லுஹர் தொழுகை வரைக்கும்தான் வச்சிருப்போம் அண்ணே. இன்னைக்கே அடக்கணும்னு சித்தப்பாங்க குதிக்கிறாங்க. நான்தான் கால்ல விழுந்து நிறுத்தி வச்சிருக்கேன். மூத்த மகன் நீதான் குழியில இறங்கி பாபாவை வாங்கணும், வந்துருடா அண்ணே."

ஷெத்லி அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. துக்கத்தில் இருப்பவனைக் கேப்டன் வேலையில் சேர்க்கக் கூடாது, அது சட்டம். சேர்க்காவிட்டால்? விமானத்தில் நூற்றெண்பது ஹாஜிகள், ஒரு சீட்டும் காலி இல்லை. வேறு டிக்கெட் பத்து நாளைக்குக் கிடையாது. வேலைக்காரனாக ஏறினால்தான் ஊர் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அழுகையை முழுங்கிக்கொண்டு, தலையை வாரி, டையைச் சரிசெய்துகொண்டு மேஜை முன்னால் நின்றான்.

பத்தே முக்காலுக்கு ஒரு யாத்திரை ஏஜென்ட் கை நிறைய பாஸ்போர்ட்டோடு வந்து அவனை முழங்கையால் தள்ளினான். "தள்ளு தள்ளு, ட்ரே தூக்குறவனுக்கெல்லாம் என்ன அவசரம்?" என்றான். ஷெத்லி அவன் பிடரியைப் பிடித்து மேஜைமேல் ஒரே மோது. மூக்கு உடைந்து பாஸ்போர்ட்டெல்லாம் ரத்தம். ஏஜென்டின் ஆட்கள் பாய்ந்தார்கள். எங்கோ நின்ற ஒரு கிழட்டு ஹாஜி, வெள்ளைத் துணியோடு, "மக்காவுல, ஹரம் பள்ளியில போய் நின்னுட்டு வந்தவங்களாடா நீங்க, வெட்கமா இல்ல?" என்று கத்தியபடியே தானும் குடையால் இரண்டு பேரை விளாசினார்.

பிரிக்க வந்த காவலாளி ஷெத்லியின் டையைப் பிடித்து இழுத்தான். கழுத்து இறுகிக் கண் பிதுங்கியது. இவன் முழங்காலைத் தூக்கி அவன் அடிவயிற்றில் இறக்கினான். காவலாளி சுருண்டு விழுந்தான். கண்ணாடிக் கதவு ஒன்று தூள் தூளானது.

"போலீஸைக் கூப்பிடுவேன் சார்!" என்று ஃபவ்வாஸ் அலறினான்.

"கூப்பிடு! முதல்ல சாவியக் குடு, அப்புறம் யாரை வேணும்னாலும் கூப்பிடு!"

ஃபவ்வாஸ் போன் செய்தான், ஆனால் அந்த வாரக் கூட்டத்தில் போலீஸ் வந்து சேர ஒரு மணி நேரமானது. ரௌதா ஷெத்லியை இழுத்துப் போய் ஒரு தூண் பக்கம் உட்கார வைத்தாள். "உங்களுக்கு என்னதான் ஆச்சு? பேய் பிடிச்சிருக்கா? ஒரு நாள் லேட்டாப் போனா என்ன, குடியா முழுகிடும்?"

அவன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினொன்று ஐம்பதுக்கு நாலாவது மாடியில் ஓர் அறை காலியானது. ஃபவ்வாஸ் சாவியை எடுத்தான், ஷெத்லியின் ரத்தக்கையைப் பார்த்தான், பயந்துபோய்ப் பக்கத்தில் நின்றவனிடம் நீட்டிவிட்டான். அவன் பெயர் பக்ரி. சூடான் விமானமொன்றின் பணியாள். ஆறடி உயரம், ஐம்பது வயது, தன் குழுவில் அறை கிடைக்காத கடைசி ஆள். விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே தூங்கியவன்.

ஷெத்லி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தான். "அண்ணே, அதை எனக்குக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ரெண்டு கட்டில் இருக்குப்பா, வா, சேர்ந்தே படுப்போம்."

"சேர்ந்து படுத்தா செல்லாது, உங்களுக்கே தெரியும். எனக்குத் தனி ரூம் வேணும்."

"எனக்கும்தான் வேணும். கால் ரெண்டும் வீங்கிப் போச்சு, பாரு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தப் பெரிய மனுஷன் சாவியையும் கொடுத்து, கட்டிப்பிடித்து அழுதும் இருப்பான். ஆனால் ரௌதா இரண்டடி தள்ளி நின்றாள். அவள் காதில் விழுந்தால் கேப்டன் காதில் விழும். ஷெத்லி வாயை மூடிக்கொண்டு பிடியை மட்டும் இறுக்கினான்.

பக்ரி சிரித்தான். களைத்துப்போனவனின் விளையாட்டுச் சிரிப்பு. "என்னப்பா இது, குழந்தை மாதிரி? தனியாப் படுத்தாத்தான் தூக்கம் வருமா? உங்கப்பா வந்து முதுகுல தட்டிக் குடுக்கணுமோ?"

ஷெத்லியின் முஷ்டி அவன் தாடையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. பக்ரி சாய்ந்தான், மேஜையின் பளிங்கு விளிம்பில் தலை மோதியது, மரம் மாதிரி விழுந்தான். விழுந்தவன் கையில் சாவி இறுகிக் கிடந்தது. ஷெத்லி அந்த மணிக்கட்டை மிதித்தான். விரல் பிரியவில்லை. மறுபடி மிதித்தான். ரௌதா முதுகில் ஏறித் தொங்கி அவன் காதைக் கடித்தாள். அப்போதும் அவன் விடவில்லை. மூன்றாவது மிதியில் விரல்கள் பிரிந்தன.

சாவியைத் தூக்கிப் பிடித்தான். "பதினொன்னு ஐம்பத்தாறு! மணிய எழுது ரௌதா, எழுதுடி!"

பக்ரியின் காதிலிருந்து ரத்தம் பளிங்கில் ஓடியது. ரௌதா வாயைத் துடைத்துக்கொண்டு அவன் தலையை மடியில் தூக்கி வைத்தாள். அவள் எதையும் எழுதவில்லை.

போலீஸ் வந்து ஷெத்லியைக் குப்புறத் தள்ளி விலங்கு மாட்டியது. பக்ரியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். மூச்சு இருந்தது, நினைவு இல்லை. கேப்டனை எழுப்பிக் கொண்டுவந்தார்கள். இரவுச் சட்டையோடு வந்து நின்ற மொக்தார் தரையிலிருந்த ரத்தத்தையும் ஷெத்லியையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஏண்டா? ஒரு ரூமுக்காகவாடா?"

அப்போதுதான் ஷெத்லி உடைந்தான். "பாபா செத்துட்டாரு கேப்டன். நாளைக்கு லுஹருக்கு அடக்கம். வேலையில இல்லேன்னா என்னை விட்டுட்டுப் போயிடுவீங்களேன்னு..."

மொக்தார் தலையில் அடித்துக்கொண்டார். "அட மடையா! நூத்தியெண்பது பேருக்கு நாலு ஆள் போதுமேடா! அஞ்சாவதா நீ எதுக்கு? உன்னை வேலையிலிருந்து எடுத்துட்டு, நீ எப்பவும் உட்கார்ற அந்த மடக்கு சீட்டுலயே சும்மா உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேனே! வேலை செய்யாதவனுக்கு ஓய்வு எதுக்கு? ரூம் எதுக்கு? மாசத்துக்கு ரெண்டு பேரை அப்படித்தானே கூட்டிட்டுப் போறோம், நீயே எத்தனை தடவை அப்படிப் போயிருக்கே! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஷெத்லிக்கு அது மனப்பாடமான விஷயம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவனே சொல்லிக்கொடுத்திருக்கிறான். காலையிலிருந்து ஒரு தடவைகூட அது ஞாபகத்துக்கு வரவில்லை.

மற்ற ஆறு பேரும் பதினொரு மணிக்கு முன்பே சாவி வாங்கியிருந்தார்கள். நள்ளிரவு விமானம் நள்ளிரவுக்கே கிளம்பியது. ஷெத்லியின் மடக்கு சீட் காலியாகப் போனது.

பக்ரி கண் விழித்துத் தன் வாக்குமூலத்தைச் சொல்லும்வரை இவனை வெளியே விட முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். மறுநாள் காலை பத்து மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் இரக்கப்பட்டுப் போனை அவன் காதில் வைத்தார்.

"அண்ணே, எங்க இருக்கே? குளிப்பாட்டி முடிச்சாச்சு. நீ பார்க்கணும்னு முகத்தை மட்டும் மூடாம வச்சிருக்கோம். ஏர்போர்ட்டுலருந்து கிளம்பிட்டியா?"

"மூடிடு ஹப்பீப்."

"என்ன அண்ணே?"

"நான் வரல. பாபா முகத்தை மூடிடு. குழியில நீ இறங்கி வாங்கிக்கோ."