நாலு நிமிஷம்

காலை ஒன்பதரை ஆகியிருந்தது. அவள் ஸ்டாண்டில் நின்ற கேமராவின் முன் குனிந்து, லென்ஸில் மாட்டிய ஹோல்டரிலிருந்து கறுப்புக் கண்ணாடியை மெல்ல மேலே இழுத்தாள். நேற்றிலிருந்து அது அப்படியே இருந்தது. விளிம்பை மட்டும் பிடித்தாள். நடுவில் விரல் பட்டால் கணவருக்குப் பிடிக்காது.

அவர் உடலைக் கட்டிலில் நீட்டிக் கிடத்தியிருந்தார்கள். மகன் அவருடைய போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுடுகாட்டு வண்டி வருவதற்குள் அவர் படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும். பிரிண்ட் கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்.

“அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்லம்மா. எல்லாம் கட்டடம்.”

“ஆளுங்களைக் காணாம அடிக்கிறதுதானே அவன் தொழில்,” என்றார் அவருடைய அண்ணன். “ஸ்டேஷன்ல ஆயிரம் பேர் நடந்தாலும் அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டு நாலு நிமிஷம் ஷட்டரைத் திறந்து வெச்சா, நடக்கறவன் ஒருத்தன்கூடப் படத்துல விழமாட்டான். நாலு நிமிஷம், நாலு நிமிஷம்னு சொல்லி என் பொண்ணு கல்யாணத்தையே காலி நாற்காலியா எடுத்துக் கொடுத்தான்.”

மகன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான்.

“அடையாள அட்டையில இருக்கறதையே பெருசாக்கிடலாமா பெரியப்பா?”

“அதுல திருடன் மாதிரி இருக்கான்டா.”

மகன் கேமரா பக்கம் திரும்பினான். “இதுல ஏதாவது இருக்குமாம்மா?”

“தெரியலப்பா.”

தெரியும்.

நேற்று மதியம் அவர்தான் தன்னை ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கேட்டார். கை நடுக்கம் வந்து வெளிவேலை நின்றதிலிருந்து கேமராவை அவர் தொட்டதில்லை. லென்ஸில் வளையத்தைத் திருகியதும் அதில் ஹோல்டரை மாட்டியதும் அவள்தான். அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபின் ஃபோகஸ் பார்த்து முடித்தாள். கறுப்புக் கண்ணாடி கடைசியில்தான் இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் லென்ஸ் வழியாக ஒன்றும் தெரியாது.

“அசையாதது மட்டும்தான் விழும். ஆடற என் கை புகையாப் போயிடும், பாரு. மூஞ்சி இருக்கும்,” என்றார். “நீ நின்ன இடத்துலயே நில்லு. இந்தப் பலகைத் தரையில ஒரு அடி வெச்சாலும் கேமரா ஆடும்.”

“எனக்கே பாடமா?”

முப்பது வருடங்கள் அவர் பக்கத்தில் நின்றவள். ஷட்டர் திறந்திருக்கும்போது தும்மலைக்கூட விழுங்கிப் பழகியிருந்தாள்.

பொத்தானை அழுத்தினாள். சற்று நேரத்திலேயே அவர் தலை நாற்காலியில் சாய்ந்தது. மடியிலிருந்த கை நின்றது. தூங்கினால் அந்தக் கை நிற்கும். தூங்குகிறார் என்று நினைத்தாள். பிறகு சட்டையைப் பார்த்தாள். அது ஏறி இறங்கவில்லை.

ஒரு அடி எடுத்து வைத்தாள். பலகை முனகியது. காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

நாலு நிமிஷம் முடிந்து ஷட்டர் மூடும் சத்தம் கேட்கும்வரை அப்படியே நின்றாள்.

அந்த நேரம் அடுப்படியில் இருந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

“வண்டி தெருமுனைக்கு வந்துடுச்சாம்,” என்றார் அண்ணன். “விடுடா. திருடன் படமே போதும்.”

மகன் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

“இரு,” என்றாள். “கேமராவை ஆன் பண்ணு. கடைசிப் படம்.”

அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பெரியப்பா அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“இது இவன்,” என்றார். அவர் குரல் இறங்கியிருந்தது. “இதுதான் இவன்.”

அவள் கண்ணாடியை அதன் துணி உறைக்குள் நுழைக்கப் பார்த்தாள். அது நுழையவில்லை. நடுவில் அவள் விரல் பதிந்திருந்தது.

மகன் படத்தைப் பெரிதாக்கினான். முகம். சட்டைப் பொத்தான்கள். மடியில் விரல்கள், ஒவ்வொரு நகமும் தனித்தனியாக.

“கை ஆடவே இல்லையேம்மா,” என்றான். “எப்ப எடுத்தது இது?”