கப்பலில் இருக்கும் ஐம்பத்து நான்கு கிலோ

கப்பல் கட்டும் தளத்தின் எடைப் பிரிவில் வேலை பார்த்த அக்காவுடைய ஐம்பத்து நான்கு கிலோவும், அந்த வருடம் கடலுக்குப் போன மூன்றாவது போர்க்கப்பலோடு சேர்ந்து போய்விட்டது. அக்கா கரையில்தான் இருந்தாள். கை, கால், பின்னல், மூக்குக்கண்ணாடி எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. எடை மட்டும் இல்லை. தளத்து மருத்துவமனையின் எடை மிஷினில் அவள் ஏறி நின்றபோது முள் அசையவில்லை. மிஷின் ரிப்பேர் என்று நினைத்த மருத்துவர், செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறிப் பார்த்தார். எண்பத்தொன்று காட்டியது. அன்றைக்கு அவரை உலுக்கிய செய்தி அதுதான். அக்காவின் படிவத்தில் எடை என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, மத்தியானத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

எடைப் பிரிவின் வேலை, நிறுக்கப்படாத எதுவும் கப்பலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது. பீரங்கியானாலும் சரி, கழிவறைக் குழாயானாலும் சரி, பெயின்ட் டப்பாவானாலும் சரி, அக்காவின் தராசைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். போர்க்கப்பலுக்கு மேல்பாரம் ஏறிவிட்டால் திரும்பும்போது தலைகுப்புறக் கவிழ்ந்துவிடும். அதனால் கடலுக்குப் போகுமுன் சாய்வுச் சோதனை ஒன்று உண்டு. காற்றில்லாத நாளாகப் பார்த்துக் கயிறுகளைத் தளர்த்திவிட்டு, வேண்டாத ஆட்களையெல்லாம் இறக்கிவிட்டு, இரும்புக் கட்டிகளை மேல்தளத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்துவார்கள். கப்பல் மிக லேசாகச் சாயும். உள்ளே நீளமான கயிற்றில் தொங்கும் தூக்குக் குண்டு எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, கப்பலின் மொத்த எடையையும் அந்த எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதையும் கண்டுபிடிப்பார்கள். சோதனைக்காகக் கப்பலில் நிற்கிறவர்கள் தங்களுக்கென்று சுண்ணாம்புக்கட்டியால் போட்ட வட்டத்தை விட்டு நகரக் கூடாது. அவர்களுடைய எடையை முன்கூட்டியே பட்டியல் போட்டு, கடைசியில் கழித்துவிட வேண்டும். பட்டியல் போடுகிறவள் அக்கா.

அந்த முறை கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு, பதினாறு ஏவுகணைகள் வைத்த கப்பலை இறக்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மேலே இருந்து போன் மேல் போன். அக்கா ஓடி ஓடி முப்பத்தொரு பேரை நிறுத்தாள். படம் எடுக்க வந்தவரைக்கூட அவருடைய கேமராவோடு சேர்த்து நிறுத்தாள். பிறகு தன் வட்டத்துக்குள் போய் நின்றுகொண்டாள். இருபது வருடமாக உலகத்தில் உள்ளதையெல்லாம் நிறுத்தவளுக்குத் தன்னை நிறுத்துப் பட்டியலில் சேர்க்கத் தோன்றவே இல்லை. வடிவமைப்பாளர் கையெழுத்துப் போட்டார், அதற்கு மேல் அமைச்சர் போட்டார், பேண்டு வாசித்தார்கள், கப்பல் போய்விட்டது.

நான்காம் நாள் வடிவமைப்பாளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார். அக்காவை விட இரண்டு வயது பெரியவர். ஆனாலும் தளம் முழுக்க அவளுக்கு அக்கா என்றுதான் பெயர்.

"அக்கா, கப்பல் எடையில நீங்க இருக்கீங்க."

"தெரியும் சார். மிஷின்ல நான் இல்ல."

"திருத்தணும்னா சோதனையைத் திரும்பப் பண்ணணும். அதுக்குக் கப்பல் திரும்பி வரணும். திரும்பி வந்தா, பயந்து ஓடிட்டாங்கன்னு அவங்க பேப்பர்ல கொட்டை எழுத்துல போடுவாங்க."

"என் அம்பத்தி நாலு கிலோவுக்கா?"

"இப்போ ரெண்டு பக்கமும் தராசு அப்படி நிக்குதுக்கா. எட்டு வருஷத்துல பழுதுபார்க்க வரும். அப்போ எடுத்துக் கொடுத்துடறேன்."

குடையை இரவல் கொடுக்கிறவள் மாதிரி அக்கா சரி என்று தலையாட்டினாள்.

எடை இல்லாவிட்டால் பறந்துவிடுவோம் என்று பயப்படத் தேவையில்லை. காற்றடிக்கும் நாட்களில் கைப்பையில் நாலு பெரிய போல்ட் போட்டுக்கொண்டால் போதும். மழைக்காலத்துக்கென்று தளத்தில் முக்குளிக்கிறவர்கள் தங்கள் ஈயப் பட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். சேலைக்கு மேல் கட்டினால் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். சிரமம் வேறு இடத்தில் இருந்தது. நடந்தால் சத்தம் கேட்பதில்லை. உட்கார்ந்தால் நாற்காலி முனகுவதில்லை. பேருந்தில் அவள் இருக்கும் சீட்டிலேயே ஆட்கள் வந்து உட்காரப் பார்த்தார்கள். ஒருவர் இருக்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரிவது பாதி காதால்தான் என்பதை அக்கா நாற்பத்திரண்டாவது வயதில் தெரிந்துகொண்டாள்.

அவள் தன் தம்பியோடும் தம்பி மனைவியோடும் தளத்துக் குடியிருப்பில் இருந்தாள். அம்மா அப்பா போன பிறகு தம்பியை வளர்த்து, வெல்டர் வேலையில் சேர்த்துவிட்டு, அவனுக்குக் கல்யாணமும் பண்ணி வைத்தவள். அதற்குள் தனக்குப் பண்ணிக்கொள்ளும் வயது தாண்டிவிட்டிருந்தது. தம்பி மனைவி நல்ல பெண். ஆனால் அடுப்படியில் திரும்பும்போதெல்லாம் பின்னால் அக்கா நிற்பதைப் பார்த்துப் பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

"அண்ணி, செருப்பையாவது தேச்சுத் தேச்சு நடங்க. எனக்கு உசுரே போகுது."

"தேய்க்கத்தான் செய்யறேன். தேய மாட்டேங்குது."

சிரித்தார்கள். ஆனாலும் ஒருநாள் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தபோது, தம்பி அவளைத் தாண்டிக் கையை நீட்டி உப்பை எடுத்துக்கொண்டு, "அக்கா இன்னும் வரலையா?" என்று கேட்டான். கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா, "வந்துட்டேன்டா" என்றாள்.

அடுத்த வருடங்களில் நாடு ஒரே மூச்சாக வளர்ந்தது. வருடத்துக்கு மூன்றாக இருந்த கப்பல் ஐந்தானது, பிறகு எட்டானது. ஏவுகணை போகும் தூரம் முந்நூறு கிலோமீட்டரிலிருந்து எழுநூறானது. அந்தப் பக்கமும் நீர்மூழ்கிகள் வாங்கியது, கரை நெடுகப் பீரங்கி வைத்தது. நடுவில் இருந்த குட்டித் தீவு நாடு இரண்டு பேருக்கும் ஒரே துறைமுகத்தைக் காலையிலும் மாலையிலுமாக வாடகைக்கு விட்டு நல்ல ரோடுகள் போட்டுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பேப்பர்களில் தராசுப் படம் வரும். எந்தத் தட்டு எவ்வளவு இறங்கியது என்று காய்கறிக்காரர்கூடச் சொல்வார். கடலை விட்டுத் தள்ளி நாட்டின் உட்பகுதியில் ஏவுகணைத் தொழிற்சாலை திறந்தபோது நல்ல வெல்டர்களையெல்லாம் அங்கே மாற்றினார்கள். தம்பியும் போனான். பன்னிரண்டு மணி நேர ரயில். "நீயும் வந்துடுக்கா" என்றான். எடை இல்லாமல் புது ஊரில் போய் யாருக்கும் தெரியாமல் நடமாட அவளுக்கு விருப்பமில்லை. "கப்பல் வரட்டும், வாங்கிக்கிட்டு வந்துடறேன்" என்றாள். வண்டியில் இடம் போதாமல் போனதால் இரண்டு பேர் உட்காரும் பழைய ஸ்பிரிங் சோபாவை விட்டுவிட்டுப் போனார்கள்.

தனியாக இருக்க ஆரம்பித்த பிறகுதான் கப்பல் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அது ஆடினால் இவள் ஆடினாள். புயலில் அது மாட்டிக்கொண்ட மூன்று நாளும் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அலுவலகம் போனாள். ஒருநாள் டீக்கடையில் நெஞ்சில் யாரோ தள்ளினாற்போல் இரண்டு தடவை பின்னால் போனாள். "ஒண்ணுமில்ல தம்பி, ரெண்டு விட்டிருக்காங்க" என்று கடைக்காரரிடம் சொன்னாள். ஏவுகணைப் பரிசோதனை மறுநாள்தான் அறிவிக்கப்பட்டது. இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் விசாரித்துவிட்டு, பொது இடங்களில் இனிமேல் சாய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

நாலாவது வருடம், யாரும் வசிக்காத ஒரு பாறைக்காக இரண்டு நாட்டுக் கப்பல்களும் நேருக்கு நேர் நின்றன. இந்தப் பக்கம் அக்காவின் கப்பல். அந்தப் பக்கம், அந்தப் பதினாறு ஏவுகணைக் கப்பல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோபாவில் அக்கா ஒரு முனையில் வழக்கம்போல் பள்ளம் விழாமல் உட்கார்ந்திருந்தபோது, மறுமுனை மெதுவாக அமுங்கியது. ஸ்பிரிங் ஒரு சத்தம் போட்டது. அங்கே யாரும் இல்லை. பள்ளம் மட்டும் இருந்தது, உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் குனிந்து கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டிருக்கிற மாதிரியான பள்ளம். அக்கா பயப்படவில்லை. எழுந்து ஸ்கேலை எடுத்துவந்து பள்ளத்தின் ஆழத்தைக் குறித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குச் சோபா மேலே எழும்பியது. நாலு மணிக்கு இரண்டு கப்பல்களும் விலகிக்கொண்டதாக ஏழு மணிச் செய்தியில் சொன்னார்கள். அக்கா அலுவலகத்திலிருந்து எடைக்கட்டிகளை இரவல் வாங்கிவந்து, அதே ஆழம் வரும்வரை அந்த முனையில் அடுக்கினாள். எழுபத்தொன்று. ஆணாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தாள். அந்தக் கரையிலும் ஒரு தளம், அங்கேயும் சாய்வுச் சோதனை, அங்கேயும் அவசரத்தில் தன்னை மறந்த ஓர் எடைக்காரர். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் எதைச் செய்தாலும் அந்தப் பக்கமும் செய்துகொண்டுதான் இருந்தது.

அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறை கப்பல்கள் எதிரெதிரே நின்றன. ஊர் முழுக்க ரேடியோவைச் சுற்றிக் கவலையோடு கூடும்போது, அக்கா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தலையை வாரிக்கொண்டு வீட்டில் இருந்தாள். பேச ஆரம்பித்தாள். தம்பி போன் பண்ணினதை, அலுவலகத்துப் பூனை குட்டி போட்டதை, மழையில் ஈயப் பட்டை இடுப்பில் உரசுவதைச் சொன்னாள். பதில் எதிர்பார்க்கவில்லை. அவர் போனதும் தவறாமல் கட்டிகளை அடுக்கிப் பார்த்தாள். இரண்டாவது தடவை அறுபத்தெட்டு. மூன்றாவது தடவை அறுபத்தைந்தரை. நாலாவது தடவை அறுபத்து மூன்று. கப்பலில் இருக்கும் எடை எப்படிக் குறையும் என்று அவள் யோசிக்கவில்லை. அந்தக் கரையில் அவரைச் சாப்பிடச் சொல்ல ஆளில்லை என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளும் அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவள்தான். அந்தக் கரையிலும் ஏதோ ஒரு நாற்காலியில் தன் பள்ளம் விழும், அதையும் அவர் அளந்து பார்ப்பார் என்று தோன்றியபோது வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து தட்டு வைத்து, சோபாவில் உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டாள்.

எட்டு வருடம் முடிந்து கப்பல் பழுதுபார்க்க வந்தது. பழைய ஏவுகணைக் குழாய்களைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு தூரம் போகிற புதியவற்றைப் பொருத்தினார்கள். அதனால் சாய்வுச் சோதனை புதிதாகப் பண்ண வேண்டியிருந்தது. தம்பி முதல் நாளே போன் பண்ணினான்.

"அக்கா, மாடியில ரூம் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கேன். ஜன்னலைத் தொறந்தா ஒரே மரமா இருக்கும். டிக்கெட் போடட்டா?"

"நாளைக்குச் சொல்றேன்டா."

"நான் இங்க வந்ததிலேருந்து இதைத்தான் சொல்றே. இவ வேற தினமும் கேக்கறா, அண்ணி எப்போ வருவாங்கன்னு. பயமுறுத்திப் பாத்திரத்தைப் போட வைக்கக்கூட ஆளில்லாம போரடிக்குதாம்."

அக்கா சிரித்தாள். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் காலை கப்பல் ஏணியில் முதல் படியில் கால் வைத்ததும் பலகை முனகியது. அக்கா நின்றுவிட்டாள். இன்னொரு படி. அதுவும் முனகியது. மேல்தளத்தில் அவள் செருப்புச் சத்தம் டக் டக்கென்று கேட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஓர் ஆள் திரும்பிப் பார்த்து வழிவிட்டான். எட்டு வருடத்தில் அவளுடைய சத்தம் கேட்டு ஒருவர் திரும்பியது அதுதான் முதல் தடவை. முழங்கால் வலித்தது. அந்த வலிகூட, ஊருக்குப் போய்த் திரும்பிய சொந்தக்காரர் மாதிரி இருந்தது. அவளுடைய எடை அங்கேயே, விட்ட இடத்திலேயே பத்திரமாக இருந்தது. பட்டியலில் பெயரை எழுதிவிட்டால் இறங்கும்போது கூடவே வந்துவிடும்.

வடிவமைப்பாளருக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. அவரே எடை மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். "முதல்ல நீங்க ஏறுங்கக்கா. என் மனசு ஆறட்டும்."

ஏறினாள். ஐம்பத்தாறரை காட்டியது. சாப்பிட்டது வீண் போகவில்லை.

பிறகு மற்றவர்களை நிறுத்தாள். முப்பத்தொரு பேர். பட்டியலை அவரிடம் நீட்டினாள். அவர் விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே போய், கடைசி வரிக்குக் கீழே விரலை வைத்தபடி நின்றார்.

"அக்கா, இதுல நீங்க இல்லையே."

"இல்ல சார்."

"இப்போ விட்டா இன்னும் எட்டு வருஷம். உங்க தம்பி..."

"அவனுக்கு வீட்ல ஆள் இருக்கு சார்." அக்கா கடலைப் பார்த்தாள். "அங்க ஒருத்தர் தனியா இருப்பார். ஏற்கெனவே எட்டு கிலோ இறங்கிட்டாரு."

அவர் பட்டியலை அப்படியே அட்டையில் செருகிக்கொண்டார். எட்டு வருடம் ஒரு தப்பைச் சுமந்தவருக்கு, தெரிந்தே ஒன்றைச் சுமப்பது அவ்வளவு கடினமாக இல்லை போலிருக்கிறது. அக்கா தன் வட்டத்துக்குள் போய் நின்றாள். இரும்புக் கட்டிகள் நகர்ந்தன, தூக்குக் குண்டு ஒரு நூல் விலகி நின்றது, அவர் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் இறங்கினார்கள். ஏறும்போது முனகிய பலகை, அக்கா இறங்கும்போது சத்தம் போடவில்லை. மாலையில் தம்பிக்குப் போன் பண்ணி, அடுத்த வருடம் லீவில் பத்து நாள் வருவதாகச் சொன்னாள். போகவும் போனாள், ஈயப் பட்டையோடு.

அந்த வருட மருத்துவப் பரிசோதனையில் எடை என்ற கட்டத்தைக் காலியாக விடப் பிடிக்காத புது மருத்துவர், 'கப்பலில் உள்ளது' என்று எழுதினார். அடுத்த வருடமும் அதையே எழுதினார்கள். புதிய ஏவுகணைகளோடு போன கப்பலுக்கு எதிரே அந்தப் பக்கமும் புதியவற்றைப் பொருத்திக்கொண்டு வந்து நின்றது. பேப்பரில் இரண்டு தட்டும் சமம் என்று போட்டிருந்தது. காலை பத்தேகாலுக்குச் சோபாவின் மறுமுனை அமுங்கியது. நாலு நாள் இருந்தது. அக்கா கட்டிகளை அடுக்கிப் பார்த்தாள். அறுபத்து நாலரை. ஒன்றரை கிலோ ஏறியிருந்தது. நோட்டில் தேதி போட்டு அதைக் குறித்துவிட்டு, கட்டிகளை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, தட்டு வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.